ஆயிரம் ரூபாய்த் தன்னார்வம்

1991இல் புதுக்கோட்டை மாவட்டத்துக் கிராமம் ஒன்றில் ஒரு பெண் இருட்டிய பிறகு வீட்டை விட்டு இறங்கினால், "இந்த நேரத்துல எங்க கிளம்பிட்ட?" என்று நாலு திண்ணையாவது கேட்டிருக்கும். அந்த ஆண்டு அந்தக் கேள்விக்கு ஊர் ஏற்றுக்கொள்ளும் பதில் ஒன்று பெண்களுக்குக் கிடைத்தது: "அறிவொளிக்கு." பெரியவர்களுக்கு எழுதப் படிக்கச் சொல்லிக்கொடுத்த இரவு வகுப்பு அது. தெருவிளக்கின் அடியிலோ, அரிக்கேன் விளக்கை நடுவில் வைத்தோ பத்துப் பேர் உட்கார்ந்திருப்பார்கள். களை பறித்து, கல் உடைத்து, உலை வைத்து இறக்கிவிட்டு வந்தவர்கள். சொல்லிக்கொடுப்பவர் பெரும்பாலும் அதே தெருவின் பிள்ளை. பத்தாவதோ பன்னிரண்டாவதோ முடித்து, வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்துவிட்டுக் காத்திருப்பவர்களும் அவர்களில் உண்டு. அந்த வேலைக்குச் சம்பளம் கிடையாது. பேருந்துக் காசும் கைக்காசுதான்.

முப்பது ஆண்டு கழித்து, 2021 அக்டோபர் 27 அன்று, மரக்காணத்தை அடுத்த முதலியார்குப்பத்தில் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் 'இல்லம் தேடிக் கல்வி' திட்டத்தைத் தொடங்கிவைத்தார். கொரோனாவால் 2020 மார்ச்சில் மூடிய பள்ளிகள் சின்ன வகுப்புகளுக்கு அப்போதுதான் திறக்கவிருந்தன. மாலை ஐந்து முதல் ஏழு மணிக்குள் ஒன்றரை மணி நேரம். ஒருவருக்கு ஏறக்குறைய இருபது பிள்ளைகள். இங்கேயும் சொல்லிக்கொடுத்தது தெருப் பிள்ளைதான், பெரும்பாலும் தெருவின் மருமகள். இணையத்தில் விண்ணப்பித்து, தேர்வாகி, செல்பேசிச் செயலியில் வருகையைப் பதிந்தார். மாதம் ஆயிரம் ரூபாய் வங்கிக் கணக்கில் வந்தது.

இருவரையும் தன்னார்வலர் என்றே அழைத்தோம். 'அப்போது அது மக்கள் இயக்கம், இப்போது இது அரசுத் திட்டம்' என்று பழைய அறிவொளித் தோழர்கள் சிலர் ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். அந்த வரி பாதிதான் சரி.

அறிவொளியும் அரசுத் திட்டம்தான். 1988இல் ராஜீவ் காந்தி அரசு தேசிய எழுத்தறிவு இயக்கத்தைத் தொடங்கியது. கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத்தும் மாவட்ட நிர்வாகமும் கைகோத்து வேலை செய்த எர்ணாகுளம் 1990இல் முழு எழுத்தறிவு பெற்ற மாவட்டமாக அறிவிக்கப்பட்டது. அதன் மாதிரியில் மாவட்டந்தோறும் சங்கச் சட்டப்படி ஒரு சங்கம் பதிவு செய்யப்படும். தலைவர் மாவட்ட ஆட்சியர். பணத்தில் பெரும்பங்கு மத்திய அரசுடையது. புதுக்கோட்டையில் ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத். அரசு ஜீப், அரசு மைக், அரசு அச்சடித்த பாடப்புத்தகம். ஆனால் ஆள் திரட்டியதும், பாடத்தை எப்படி நடத்துவது என்று முடிவெடுத்ததும் தமிழ்நாடு அறிவியல் இயக்கமும், முற்போக்கு எழுத்தாளர் சங்கத்துக்காரர்களும், பள்ளி ஆசிரியர்களும், கல்லூரிப் பேராசிரியர்களும். கவிஞர் நா. முத்துநிலவன் போன்றவர்கள் பகலில் அரசுச் சம்பளக்காரர்கள், இரவில் அறிவொளிக்காரர்கள். திருநெல்வேலிப் பக்கம் இதே வேலையில் இறங்கிய ச. தமிழ்ச்செல்வன் அந்த அனுபவத்தை 'இருளும் ஒளியும்' என்று நூலாகவே எழுதினார்.

ஆள் சேர்த்த விதத்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். விளம்பரம் கொடுத்து விண்ணப்பம் வாங்கவில்லை. கலைப்பயணம் என்று ஒரு குழு பறையும் பாட்டுமாக ஊர் ஊராகப் போனது. பொழுது சாய்ந்ததும் ஊர்ப் பொது இடத்தில் வீதி நாடகம், முடிந்ததும், "இந்த ஊர்ல எழுதப் படிக்கத் தெரிஞ்சவங்க யார் யார்? உங்க தெருவுக்கு நீங்க சொல்லிக் கொடுக்கலாமா?" என்ற கேள்வி. கூட்டத்துக்கு நடுவில் எழுந்து நின்று "நான் வர்றேன்" என்று சொல்லிவிட்டவர் மறுநாள் பின்வாங்க முடியாது. ஊரே சாட்சி. இன்று செயலியில் பதிந்தவர் மறுநாள் வரவில்லையென்றால் மேலே உள்ள அலுவலருக்குத் தெரியும். ஊருக்குத் தெரிய வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. யாருக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர் என்பதில் வந்த மாற்றம் இங்கேதான் தொடங்குகிறது.

பாடம் அ, ஆ என்று தொடங்கவில்லை. பட்டா போன்ற, வீட்டுப் பேச்சில் அடிபடும் சொற்களிலிருந்து எழுத்தைப் பிரித்துக் காட்டினார்கள். பட்டா என்று எழுதியதும் "எங்க பட்டா எங்கே?" என்று ஒருவர் கேட்பார், பேச்சு எங்கெங்கோ போகும். பேச்சைக் கட்டிப் பாடத்துக்குத் திருப்ப வேண்டிய அவசியம் தொண்டருக்கு இல்லை. அந்த அலைச்சலே பாடம் என்றுதான் அவருக்குப் பயிற்சியிலும் சொல்லியிருந்தார்கள்.

அப்படி வெளியே போன பேச்சுகளில் ஊர் உலகம் அறிந்தது சைக்கிள். தொண்டராக வேலை செய்த பெண்கள் ஊர் விட்டு ஊர் போக வேண்டியிருந்தது. பேருந்து வராத ஊர்கள். பெண் சைக்கிள் ஓட்டினால் கேலி செய்த காலம். எழுத்தறிவுப் பாடத்தோடு சைக்கிள் பயிற்சியையும் இயக்கம் சேர்த்துக்கொண்டது. பெண்களுக்கு சைக்கிள் வாங்கக் கடனுக்கும் ஆட்சியர் வழி செய்தார். 1992 மகளிர் தினத்தன்று ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெண்கள் மணியடித்துக்கொண்டு புதுக்கோட்டை நகரத் தெருக்களில் சைக்கிளில் போனதை பத்திரிகையாளர் பி. சாய்நாத் பின்னாளில் எழுதினார். லேடீஸ் சைக்கிள் கடையில் தீர்ந்துபோனதால் ஆண்கள் சைக்கிளையே பெண்கள் வாங்கினார்கள் என்பதும், குறுக்குக் கம்பியில் பிள்ளையை உட்கார வைக்கலாம் என்பதால் சிலருக்கு அதுவே வசதியாகப் போயிற்று என்பதும் அவர் எழுதியவைதான். அந்தக் கட்டுரை இந்தியில் மொழிபெயர்க்கப்பட்டு என்.சி.இ.ஆர்.டி.யின் எட்டாம் வகுப்பு இந்திப் பாடநூலில் பல ஆண்டு இருந்தது. லக்னோப் பிள்ளைகள் புதுக்கோட்டைச் சைக்கிளைப் பற்றித் தேர்வு எழுதினார்கள். நம்மூர்ப் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு அந்தக் கதை தெரியும் என்று கேட்காமல் இருப்பதே நல்லது.

தண்ணீர்க் குடமும், கூடையும், கைக்குழந்தையுமாக சைக்கிளில் போகும் பெண், எழுத்தறிவு அளவுகோலில் எங்கும் வரமாட்டார். கல்குவாரிகளிலும் அதுவே நடந்தது. ஒப்பந்தக்காரரிடம் கொத்தடிமை போலக் கல் உடைத்துக்கொண்டிருந்த பெண்கள் சேர்ந்து குழுவாகி, குவாரிக் குத்தகையைத் தங்கள் பெயரிலேயே எடுத்தார்கள். ஆந்திரத்தின் நெல்லூர் மாவட்டத்தில் துபகுண்டா என்ற ஊரில் எழுத்தறிவு வகுப்பில் கூடிய பெண்கள் சாராயக் கடையை மூட வைத்தார்கள். அது மாவட்டம் தாண்டிப் பரவி, 1993இல் ஆந்திர அரசு சாராயத்தைத் தடை செய்யும் வரை போனது. அரசு பணம் கொடுத்து நடத்திய வகுப்பு, அரசின் வருமானத்தில் பெரிய கல்லைத் தூக்கிப் போட்டது.

மனுவைப் பற்றியும் ஒரு வார்த்தை. புதுக்கோட்டையில் பல காலம் தங்கி ஆய்வு செய்த மானுடவியலாளர் பிரான்சிஸ் கோடி, அறிவொளியைப் பற்றிய தம் நூலை 2013இல் வெளியிட்டார். தலித் பெண்கள் கைநாட்டுக்குப் பதில் கையெழுத்துப் போட்டு ஆட்சியர் அலுவலகத்துக்கு மனு கொண்டுபோனதை அவர் நுணுக்கமாகப் பதிந்திருக்கிறார். மனு நிறைவேறியதா என்பது வேறு கதை. கையெழுத்துப் போட்டவர் அலுவலகத்தில் நிற்கும் நிலையே மாறியிருந்தது என்பது அவர் பார்த்தது.

இவ்வளவு சொன்ன பிறகு மறுபக்கத்தையும் சொல்லாவிட்டால் பொய்யாகிவிடும். 1992இல் புதுக்கோட்டை முழு எழுத்தறிவு பெற்றதாக அறிவித்தார்கள். முழு என்பது அரசு அறிவிப்பின் முழு. மூன்று பாடப்புத்தகம் முடித்தவர்களில் பலர், படிக்க எதுவும் கிடைக்காமல் சில ஆண்டில் எழுத்தை மறந்தார்கள். தொடர்கல்விக்குப் பணம் வந்தது, ஆட்கள் வரவில்லை. ஆட்சியர் மாறியதும் குவாரிக் குத்தகை ஏற்பாடு தள்ளாடியது. ஓர் அதிகாரியின் இடமாற்ற உத்தரவில் தடுமாறும் இயக்கத்தை முழு மக்கள் இயக்கம் என்று சொல்வது எனக்குக் கஷ்டம். இன்னொன்று: காசில்லாமல் ஓராண்டு, இரண்டாண்டு இரவில் உழைக்க முடிந்தவர் யார்? வீட்டில் சோறு இருந்தவர், அல்லது இதன் வழியாக ஓர் அரசு வேலை வரும் என்று நம்பியவர். அந்த நம்பிக்கையை யாரும் வாக்குறுதியாகக் கொடுக்கவில்லை. மறுத்துச் சொல்லவும் இல்லை.

அதே காலத்தில் பக்கத்திலேயே இன்னொரு சோதனை நடந்தது. 1989இல் ஆட்சிக்கு வந்த தி.மு.க. அரசு, படித்த கிராமத்து இளைஞர்களை மதிப்பூதியத்தில் மக்கள் நலப் பணியாளர்களாக எடுத்தது. முதியோர் கல்விக்கு ஆள் சேர்ப்பது, சிறுசேமிப்பு, சுகாதாரம் என ஊர் வேலை. 1991இல் அ.தி.மு.க. வந்ததும் அவர்கள் நீக்கப்பட்டார்கள். தி.மு.க. வந்தபோது மீண்டும் சேர்க்கப்பட்டு, 2001இல் நீக்கம். மீண்டும் சேர்த்து, 2011இல் நீக்கம். அந்தக் கடைசி முறை வீட்டுக்குப் போனவர்கள் பதின்மூன்றாயிரத்துக்கும் மேல். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. காசில்லாத் தொண்டரை யாரும் நீக்க முடியாது. காசு வாங்கிய தொண்டரை ஆட்சி மாறினால் நீக்கலாம். இந்தப் பாடத்தைக் கிராமத்துப் பிள்ளைகள் மனப்பாடமாகக் கற்றார்கள்.

1990களின் பின்பாதியில் ஊர்ப்பணி வேறு பாதைகளில் பிரிந்தது. 1989இல் தருமபுரியில் பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியின் உதவியோடு தொடங்கிய மகளிர் சுயஉதவிக் குழு, 1997க்குப் பிறகு 'மகளிர் திட்டம்' என்று மாநிலம் முழுக்க வந்தது. அறிவொளி வகுப்பில் உட்கார்ந்த பெண்களில் பலர் இந்தக் குழுக்களின் பேரேட்டில் கையெழுத்துப் போட்டார்கள். இரவு வகுப்பு, மாதாந்திரச் சேமிப்புக் கூட்டமாக மாறியது. பேச்சு பட்டாவிலிருந்து வட்டிக்கு வந்தது. இதைக் குறையாகச் சொல்லவில்லை. கந்துவட்டிக்காரரிடமிருந்து தப்பித்த பெண்ணுக்குக் குழுக்கடன் எவ்வளவு பெரிய விஷயம் என்பது அவருக்குத்தான் தெரியும்.

தொண்டு நிறுவனங்களின் கதை இன்னும் விரைவாகச் சொல்லக்கூடியது. வெளிநாட்டுப் பண ஒழுங்குமுறைச் சட்டம் நெருக்கடிநிலைக் காலமான 1976இல் வந்தது, 2010இல் புதிதாக எழுதப்பட்டது, 2020இல் மேலும் இறுகியது. நிர்வாகச் செலவு 50 சதவீதம் வரை போகலாம் என்றிருந்தது 20 ஆனது. பெரிய அமைப்பு வாங்கிச் சின்ன அமைப்புக்குப் பிரித்துக் கொடுக்கும் வழி அடைபட்டது. பணம் முதலில் டெல்லியில் ஒரே ஒரு வங்கிக் கிளைக்குத்தான் வர வேண்டும். கிராமத்தில் நாலு பேரை வைத்துக்கொண்டு நடந்த அமைப்புகளுக்கு நடுவில் இருந்த படி உடைந்தது. மறுபக்கம் 2013 கம்பெனிச் சட்டத்தின் 135ஆம் பிரிவு, பெரிய நிறுவனங்கள் லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பொறுப்புக்குச் செலவிடச் சொன்னது. நன்கொடை கொடுப்பவரும் நிறுவனம், கணக்குக் கேட்பவரும் நிறுவனம். அங்கே தன்னார்வம் என்றால் ஊழியர்கள் சனிக்கிழமை ஒரே நிறச் சட்டையில் பள்ளிச் சுவருக்கு வண்ணம் அடிப்பது. சுவர் அழகாகத்தான் ஆகிறது.

பள்ளிச் சுவர் என்றதும் இன்னும் பழையது ஒன்று நினைவுக்கு வருகிறது. காமராசர் காலத்தில், 1956இல் மதிய உணவு பல ஊர்களில் ஊரார் கொடுத்த அரிசியிலும் காசிலும் தொடங்கியது. அடுத்து 1958 முதல், பொதுக்கல்வி இயக்குநர் நெ.து. சுந்தரவடிவேலு முன்னின்று பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் நடத்தினார். ஊருக்கு என்ன தேவை என்று பட்டியல் போடுவார்கள்: பெஞ்சு, கடிகாரம், வரைபடம், கூரை, நிலம். மாநாட்டு மேடையில் ஊரார் எழுந்து "கடிகாரம் நான்" என்று சொல்வார்கள். 2022 டிசம்பரில் தொடங்கிய 'நம்ம ஸ்கூல் நம்ம ஊர்ப் பள்ளி' அதே வேலையை இணையத்தளத்தில் செய்கிறது. முன்னாள் மாணவர் எங்கிருந்து வேண்டுமானாலும் பள்ளியைத் தேர்ந்தெடுத்துப் பணம் போடலாம்; போட்ட பணம் எங்கே போயிற்று என்று பார்க்கலாம். பொய்க்கணக்குக்கு இடம் குறைவு. ஆனால் கடிகாரம் கொடுத்த சின்னச்சாமி அந்தப் பள்ளியைத் தாண்டும்போதெல்லாம் மணி சரியா என்று எட்டிப் பார்த்தார் இல்லையா, அந்த உரிமை இணையத்தளத்தில் ரசீதாகக் கிடைப்பதில்லை. (சின்னச்சாமி கற்பனை; ஊருக்கு ஒருவர் இருந்திருப்பார்.)

மறுபடியும் இல்லம் தேடிக் கல்விக்கு வருவோம். அறிவொளியைவிட ஒரு விஷயத்தில் இது மிக மேலானது: அளந்து பார்த்தார்கள். கார்த்திக் முரளிதரன், அபிஜித் சிங், மொரிசியோ ரொமேரோ ஆகிய பொருளியலாளர்கள் தமிழ்நாட்டுக் கிராமப்புறப் பிள்ளைகளைப் பள்ளி மூடுவதற்கு முன்பிருந்து தொடர்ந்து சோதித்தார்கள். பள்ளி திறந்து ஆறு மாதத்துக்குள் இழந்த கற்றலில் மூன்றில் இரண்டு பங்கு மீண்டது, அந்த மீட்சியில் ஏறக்குறைய கால் பங்கு இந்த மாலை வகுப்புகளால் வந்தது என்று அவர்கள் கணித்தார்கள். வசதி குறைந்த வீட்டுப் பிள்ளைகள் இந்த வகுப்புக்குக் கூடுதலாக வந்தார்கள். ஆயிரம் ரூபாய் வாங்கிய தெரு மருமகள்கள் செய்தது இது. அறிவொளிக்கு இப்படி ஒரு கணக்கு இருந்திருந்தால், பழைய தோழர்களின் நினைவுகளோடு நாம் சண்டை போட வேண்டியிருக்காது.

தொடக்கத்தில் இதையும் அரசியல் கட்சிகளும் கல்வியாளர்களும் சந்தேகத்தோடுதான் பார்த்தார்கள். புதிய கல்விக் கொள்கை பேசும் தன்னார்வலர் வாசல் இதுதானோ, மதவாத அமைப்புகள் இந்த வழியாக நுழையுமோ என்ற அச்சம். அரசு விளக்கம் கொடுத்தது. தேர்வில் கவனமாக இருப்பதாகச் சொன்னது. தொண்டுக்கு முன்வருபவரை ஊர் நம்பியதும், அரசு சரிபார்ப்பதும் வேறு வேறு காலத்தின் பழக்கங்கள். இன்று சரிபார்க்காமல் பிள்ளைகளோடு ஒருவரை விட நானும் ஒப்ப மாட்டேன். திட்டத்தை ஊருக்குச் சொல்லக் கலைக்குழுக்களைத்தான் அனுப்பினார்கள். பறையும் பாட்டும் மறுபடி தெருவுக்கு வந்தன. அறிவொளிக் காலத்தில் பறை ஆள் சேர்த்தது. இப்போது அறிவிப்புச் சொன்னது.

வித்தியாசம் ஆயிரம் ரூபாயில் இல்லை என்று நினைக்கிறேன். அந்தப் பணம் ஒரு பெண்ணுக்கு அவர் சொந்தக் கணக்கில் விழும் முதல் பணமாக இருந்திருக்கலாம். அதை இழிவாகப் பேச எவருக்கும் தகுதியில்லை. வித்தியாசம், அந்த ஒன்றரை மணி நேரத்தை எதற்குப் பயன்படுத்தலாம் என்று முடிவெடுப்பது யார் என்பதில் இருக்கிறது. பாடப்பொருள் மேலிருந்து வருகிறது, பதிவு மேலே போகிறது. பிள்ளைகளின் அம்மாக்கள் வாசலில் வந்து நின்று ரேஷன் கடையைப் பற்றிப் பேசினால் அது வகுப்புக்கு இடைஞ்சல்.

'மக்களைத் தேடி மருத்துவம்' இதைவிடத் தெளிவான உதாரணம். 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கியது. வீடு வீடாகப் போய் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்து மாத்திரை கொடுப்பவர்கள் பெண் சுகாதாரத் தன்னார்வலர்கள். சுயஉதவிக் குழுக்களிலிருந்து எடுக்கப்பட்டவர்கள். மாதம் 4,500 ரூபாய் ஊக்கத்தொகையில் தொடங்கினார்கள். திட்டம் 2024இல் ஐக்கிய நாடுகள் அமைப்பின் விருது வாங்கியது. வெயிலில் நடப்பவருக்கு வேலை நேரம் உண்டு, இலக்கு உண்டு, மேலதிகாரி உண்டு. பணியாளர் என்ற பெயர் இல்லாததால் குறைந்தபட்ச ஊதியம் இல்லை.

இதன் வேர் 1975இல் இருக்கிறது. ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் தொடங்கியபோதே அங்கன்வாடிப் பெண்ணைக் கௌரவ ஊழியர் என்றார்கள். கிடைப்பது சம்பளம் ஆகாது, மதிப்பூதியம். அதை உடைக்க நாற்பத்தேழு ஆண்டு ஆயிற்று: 2022 ஏப்ரலில், குஜராத் வழக்கு ஒன்றில், அங்கன்வாடி ஊழியர்களுக்கும் உதவியாளர்களுக்கும் பணிக்கொடை உண்டு என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. அவர்கள் செய்வது முழுநேர வேலை என்பதை நீதிமன்றம் எடுத்துச் சொல்ல வேண்டியிருந்தது. இப்போது சுகாதாரத் தன்னார்வலர்கள் ஊதிய உயர்வு கேட்டுத் தெருவில் உட்காரும்போது, "தன்னார்வலருக்கு எதற்குப் போராட்டம்?" என்று கேட்பவர்களைப் பார்க்கிறோம். எனக்கு அந்தப் போராட்டத்தில்தான் பழைய அறிவொளியின் சாயல் தெரிகிறது. ஒன்றுகூடுகிறார்கள், மனு எழுதுகிறார்கள், தங்கள் பெயரில் கையெழுத்துப் போடுகிறார்கள். கேட்பது ஊருக்காக என்பது தங்களுக்காக என்று ஆகியிருக்கிறது. அதில் தவறு இல்லை. 1991இன் பிள்ளைகள் தங்களுக்காகக் கேட்கவே இல்லை.

இதற்கிடையில் காசு வாங்காத் தொண்டரும் திரும்பி வந்திருக்கிறார். 2022 முதல் 2027 வரைக்கான புதிய பாரத எழுத்தறிவுத் திட்டம், பதினைந்து வயதுக்கு மேல் எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்குத் தன்னார்வலர்களைக் கொண்டு சொல்லிக்கொடுக்கிறது, ஊதியம் கிடையாது. தமிழ்நாட்டில் பெரும்பாலும் அரசுப் பள்ளி வளாகங்களே மையம். கற்பவர்கள் அநேகமாக வயதான பெண்கள், நூறு நாள் வேலைக்குப் போகிறவர்கள். கடைசியில் ஒரு தேர்வு, ஒரு சான்றிதழ். செயலியில் எண்ணிக்கை ஏறும்.

அந்த மையத்தில் ஒரு பாட்டிக்கு முதியோர் உதவித்தொகை நின்றுபோயிருந்தால், தன்னார்வலர் மனு எழுதிக் கொடுப்பார். நம்மூர்ப் பிள்ளைகளுக்கு அந்த ஈரம் போகவில்லை. ஆனால் உதவித்தொகை நின்றுபோன பத்துப் பேரையும் கூட்டிக்கொண்டு திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்துக்கு ஆட்சியர் அலுவலகம் போவதென்றால், பள்ளித் தலைமையாசிரியர் என்ன சொல்வார், வட்டார அலுவலகம் என்ன சொல்லும் என்று ஒரு நிமிடம் யோசிப்பார். புதுக்கோட்டையில் அந்த யோசனை வராததற்குத் தொண்டரின் துணிச்சல் மட்டும் காரணம் இல்லை: மனுவை வாங்க வேண்டிய ஆட்சியரே சங்கத்தின் தலைவராக இருந்தார்.